ஓரக் குழியின் மஞ்சள்

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆய்வகம். போன வருடம் வைரஸ் தாக்கி, கம்பத்தில் எங்கள் திராட்சைக் கொடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தோம். அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. மறுபடி நடலாமா என்று மகள் கேட்கிறாள். அவள் வேறொரு தோட்டத்தில் பதியன் எடுக்க நினைக்கும் தாய்க்கொடிகளின் இலைகளை முந்தாநாள் இங்கே கொடுத்தேன். ஆய்வகத்தில் வேலை செய்யும் அம்பத்தூர்ப் பெண், இலைச்சாறு ஊற்றிய சிறுகுழித் தட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஓரக் குழி மட்டும் மஞ்சளாகிறது.

"மங்களகரமா இருக்கேம்மா," என்கிறேன்.

"ஐயே, மஞ்சா ஆனாத்தான் சார் நோவு. அது ஒத்துப்பாக்க நாங்க வெச்ச சீக்குக் கொடி. உங்களுது பூரா தண்ணி மாரி கீது பாருங்க."

நான் இலை இலையாகப் புரட்டியும் கண்டுபிடிக்க முடியாததை இவர்கள் ஒரு சொட்டில் நிறமாக்கிவிடுகிறார்கள். இன்னொரு முறை காட்டச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே காட்டுகிறார்.

வாசலுக்கு வந்து மகளைப் போனில் அழைக்கிறேன். "நடும்மா," என்கிறேன்.