ஆளெடுக்க வரும் நாளில் கட்டு கிடையாது

இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் இரண்டு வருடம் கேப்டன். எந்த எதிரணியைக் கண்டும் நான் பயந்ததில்லை. எனக்குப் பயமெல்லாம் எங்கள் அணிப் பிள்ளைகளின் அப்பாக்களைக் கண்டுதான்.

எங்கள் அணிக்கு ஆள் சேர்ப்பது கேப்டனின் பொறுப்பு. பள்ளிக்கூட மேட்சுகளைப் பார்த்து பி.டி. மேடம் பிள்ளைகளைக் குறித்துக் கொடுப்பார். வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியவள் நான். டீச்சர் போனால் எழுந்து நின்று மழுப்புவார்கள், வயசுப் பிள்ளை போனால் உட்கார வைத்து மனசில் இருப்பதைக் கேட்பார்கள் என்று மேடம் சொல்வார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். பந்து உதைத்தால் வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தோம். அதற்காகத்தான் நிர்வாகமும் ஹாஸ்டலில் சும்மா சோறு போட்டது.

சேத்தூரில் ஒரு வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். அந்த வீட்டுப் பெண் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். டிஃபன்ஸில் நின்றாள் என்றால் பந்து அவளைத் தாண்டாது. அவள் அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பாதான் பேசினார்.

"எம்புட்டு நாளாவும் தாயி?"

"ரெண்டு வருசம் குடுங்கப்பா. போலீசு, ரயில்வேன்னு எங்கயாச்சும் எடுத்துருவாங்க."

"ரெண்டு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் கேக்கப்படாது. மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன்."

ஏதோ என் கையில்தான் வேலை இருப்பதுபோலத் தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் அப்பாவை பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்தால்கூட ஏதாவது கடைக்குள் நுழைந்துகொள்வேன்.

இரண்டாவது வருடம் முடியப் போகிற நேரத்தில் அவளுக்கு வலது முட்டி பிசகியது. ஓடும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது மட்டும் உள்ளே ஏதோ நழுவும், முகம் வெளுத்துவிடும். எங்கள் அணியில் எல்லோருக்கும் கட்டுப் போட்டுவிடுவது கேப்டன். யாருக்கு எங்கே வலி என்று அதனால் எனக்குத்தான் முதலில் தெரியும். மேடத்திடம் சொல்லவா என்று கேட்டேன்.

"சொல்லாதட்டி. சொன்னா உக்கார வச்சிருவாவ. வீட்டுல கல்யாணப் பத்திரிகையே அடிச்சிருவாவ."

சொல்லவில்லை. கட்டைப் பார்த்து மேடம் கேட்டபோது சும்மா சுளுக்கு என்றேன். ஒன்றரை மாதம் காலையும் மாலையும் அவள் அம்மா அணிக்கென்று முன்பே கொடுத்துவிட்டிருந்த பேண்டேஜ் சுருளால் அதே முட்டியைச் சுற்றினேன். மைதானத்து வெயிலில் நாங்கள் எல்லோரும் கருத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசி மேட்ச். சீருடைத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்க ஒரு அம்மையார் வருவதாக மேடம் சொன்னார். "இந்த வருசமும் ஒருத்தியையும் எடுக்கலைன்னா அடுத்த வருசம் எந்த வீட்டுக்கும் ஆள் கேட்டுப் போக முடியாது. பாத்துக்க." அந்த 'பாத்துக்க' நான்கு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆளெடுக்க வருகிற நாளில் யார் உடம்பிலும் கட்டு இருக்கக் கூடாது. எனக்கு முன்னால் ஆடிய ஒரு அக்காவைக் கணுக்கால் கட்டைப் பார்த்துத்தான் கழித்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். உண்மையா என்று யாரும் போய்க் கேட்டதில்லை. கேப்டனுக்குக் கேப்டன் சொல்லி எனக்கு வந்தது, நானும் அதைச் சட்டமாக வைத்திருந்தேன்.

மைதானத்து ஓரத்தில் அவள் என் முன்னால் காலை நீட்டினாள்.

"கட்டோடயே ஆடிக்கிறேன்ட்டி. பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. கட்டப் பாத்தா ஒன் பேர எழுத மாட்டாங்க."

"நடுவுல விட்டுருச்சுன்னா?"

"விடாது."

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன்? நானே அவிழ்த்தேன். சுருளைச் சுற்றி என் பைக்குள் திணித்தேன்.

அந்த மேட்சில் எதிரணி எப்படி ஆடியது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் ஒரு முட்டியைத்தான். அவள் திரும்பும் போதெல்லாம் நானும் ஆட்டத்தை விட்டு அந்தப் பக்கம் திரும்பினேன். பந்து என் காலுக்கு வந்ததையே இரண்டு முறை கவனிக்காமல் விட்டு மேடத்திடம் வசவு வாங்கினேன். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். இரண்டாம் பாதியில் தனியாக ஓடி வந்த ஃபார்வர்டின் காலிலிருந்து படுத்துச் சறுக்கி அவள் பந்தை எடுத்தபோது கம்பிக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுந்திருப்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தாள். ஒன்றுக்கு ஒன்று என்று மேட்ச் முடிந்தது. முட்டி விடவில்லை.

வந்திருந்த அம்மையார் என்னை மட்டும் கூப்பிட்டார். கையில் நோட்டு. அவளுடைய பனியன் நம்பரைச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு ஏதாவது அடி இருக்கா?"

"இல்ல மேடம்."

"கேப்டன் நீதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணுமே இல்ல மேடம்."

அவர் பேனாவால் தூரத்தைக் காட்டினார். அவள் குனிந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கரிபோலக் கருத்த காலில் வலது முட்டியைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்த தோல். ஒன்றரை மாத வெயிலில் கட்டுக்குள் இருந்த இடம். கட்டிருந்தால்கூடச் சும்மா சுளுக்கு என்று சொல்லியிருக்கலாம். அவிழ்த்துக் காட்டியவள் நான்.

"வந்ததுமே பார்த்துட்டேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "கட்டோட ஆடியிருந்தா என்னன்னு கேட்டு, டாக்டர்கிட்ட காட்டிட்டு எடுத்திருப்பேன். இவ மாதிரி ஆடுறவ கிடைக்க மாட்டா. மறைக்கிறீங்கன்னா உள்ள எம்புட்டு இருக்கோன்னு நான் பயப்படணும்ல?" நோட்டை மூடினார்.

மன்னிப்புக் கேட்டேனா, கெஞ்சினேனா, ஒன்றும் நினைவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி சீட். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் என் மடியில் காலைத் தூக்கி வைத்தாள். முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"கட்டிவிடுட்டி. உயிர் போவுது."

பைக்குள்ளிருந்து சுருளை எடுத்தேன். அந்த வெள்ளைத் தோலின் மேலேயே சுற்ற ஆரம்பித்தேன்.

"அவிய ஒன்ட்ட என்ன கேட்டாவ?"

"அடி இருக்கான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அவள் வலியோடு சிரித்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நீ சொல்லிட்டேல்ல, பொறவென்ன. என்னைய எடுத்துருவாவன்னு அப்பாட்ட இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிரவா?"

இராஜபாளையம் வர இன்னும் செத்த நேரம்தான் இருந்தது. இரண்டு வருடமாக நான் போட்ட எந்தக் கட்டும் நழுவியதில்லை. அன்று மூன்று முறை சுற்றியும் நிற்கவில்லை. அவள் போனைக் கையில் எடுத்தாள்.