சாரலில் கரையாத கோடு

நாத்தனாரின் புதுவீட்டுக்காக ஐந்தருவியை வரைந்துகொண்டிருந்தேன். பென்சில் கோடுகளின் மேல் ஜெல் பேனாவால் வரைந்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் வண்ணம் தீட்டத் தொடங்கினேன். ஈரத் தூரிகை பட்டதும் பாறைகளெல்லாம் கரைந்து கறுப்பாக ஓடின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் தென்காசிக்கு பஸ் ஏறினேன். எழுதுபொருள் கடைக்காரப் பெண் விதவிதமான பேனாக்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றாலும் ஒரு கோடு இழுத்து, சிறிது ஆறவிட்டு, தாளை வாசலில் சாரலுக்கு நீட்டினேன்.

"என்னக்கா, தாளைப் போயி நனைக்கீங்க?"

"எந்தக் கோடு கரையலைன்னு பாக்கணும்மா. மேல கலர் அடிக்கணும்லா."

அவளும் வந்து எட்டிப் பார்த்தாள். கோடுகள் ஒவ்வொன்றாகப் பரவின. ஒன்று மட்டும் அசையவில்லை.

"இந்தா, இது அப்படியே நிக்குது பாருங்க!" என்றாள், தானே வரைந்ததுபோல.

அந்தப் பேனாவிலேயே பாறைக்குத் தடித்த முனையும், செடிகொடிகளுக்கு மெல்லிய முனையும் வாங்கினேன். வீட்டில் மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். உலர்ந்ததும் ஒரு மூலையில் தூரிகையை வைத்துப் பார்த்தேன். கோடு கலங்கவில்லை. விழுகிற தண்ணீருக்கு மட்டும் கோடே போடாமல் வெள்ளைத் தாளாக விட்டுவிட்டேன்.

நாத்தனார் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சத்தம் ஒண்ணுதான் கேக்கல அண்ணி," என்றாள்.