மாட்டாத தகடுகள்

மும்பையில் வருடாவருடம் நடக்கும் இந்திப் பட விருது விழாவில், மேடையில் கொடுக்கும் கோப்பையில் பெயர் இருக்காது. போட்டியில் உள்ள எல்லோருக்கும் பெயர்த் தகடு முன்பே தயார். ஜெயித்தவருடையதை மேடைக்குப் பின்னால் திருகி மாட்டுபவள் வைஜயந்தி பெட்னேகர். பதினேழு வருடமாக அவள் கைதான்.

இந்த முறை சிறந்த நடிகர் விருது வாங்கிய தர்பண் சூரி தகட்டைப் பார்த்து எகிறினார். "அக்கா, இது என் பழைய பேரு! ஜோசியர் சொல்லி இங்கிலீஷ்ல ஒரு 'ஏ' கூட்டினேனே, தெரியாதா?"

வைஜயந்தி அசரவில்லை. பையிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்து வைத்தாள்.

"இதுல ஏ கூட்டியிருக்கு, போன வருஷம் தோத்தீங்க. இதுல எச் கூட்டியிருக்கு, முந்தின வருஷம் தோத்தீங்க. இந்த வருஷம் ஆபீஸ்ல தப்பா பழைய பேரைக் கொடுத்துட்டாங்க, ஜெயிச்சுட்டீங்க. கழட்டணுமா சார்?"