இரண்டாவது முறை அவர் நீட்டிய கை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை, காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா காய்ச்சலோடு வந்தார். ஐஸிலேயே புழங்கிய கைகள். நரம்பு லேசில் தட்டுப்படவில்லை. கையில் இறுக்கிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக்கூடாது. அதற்குள் எப்படியோ எடுத்துவிட்டேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ரத்தத்தைக் குழாய்களில் நிரப்பிப் பெயர் ஒட்டினேன்.

ஊசிகளைப் போடும் வெள்ளைப் பெட்டி வாய்வரை நிரம்பியிருந்தது. சனிக்கிழமையே மாற்றியிருக்க வேண்டும். வெளியே வெறும் வயிற்றோடு பதினைந்து பேர் காத்திருந்தார்கள். குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது என்பது நான் முதல் வாரமே படித்த பாடம். போட்டேன். மூடி நழுவி, கையுறையைத் தாண்டி இடது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

“இன்னாம்மா, குத்திகினியா?” என்றார் அக்கா.

இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கையுறையைக் கழற்றினால் கடுகளவு சிவப்பு. பிதுக்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தெரியும். ஆனாலும் குழாயடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. காமாலைத் தடுப்பூசியில் மூன்றாவது தவணையை நான் போட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டில் எட்டு மாதக் குழந்தை என் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். விட்டுப்போன தடுப்பூசியையும் போட்டார். மாத்திரை இருபத்தெட்டு நாள். ரத்தம் கொடுத்த அந்த அம்மாவுக்கு நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம், அவர் சம்மதம் வாங்கிப் பரிசோதித்துப் பார், அதுவரை குழந்தைக்குப் பால் தராதே என்றார்.

நிலையத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் முதலாளி, அந்த ரத்தம்தான் மிச்சம் இருக்கிறதே, கேட்காமலே பார்த்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். குழாயைக் கையில் எடுத்தேன். இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நோய் இருப்பதாக வந்துவிட்டால், அதை நான் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு என்ன செய்வேன்? வைத்துவிட்டேன்.

காசிமேட்டுக்குப் போனேன். காய்ச்சலோடும் அக்கா கடை போட்டிருந்தார். குனிந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அறுத்துக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்தார்.

“காலைல கேட்டனே. இல்லன்னியே?”

“பயமா இருந்துச்சுக்கா.”

திட்டுவார் என்று நினைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரிக்குக் கேட்காத குரலில் சொன்னார். “எம் புருசன் எளைச்சு எளைச்சே செத்துப் பூட்டாரு. நாலு வருசமாச்சு. இன்னா சீக்குன்னு நான் கேக்கல. எனக்கும் இருந்துட்டா இன்னா பண்றதுன்னு எங்கயும் போயி பாக்கல.”

சொல்லிவிட்டு எழுந்தார். “வா, போலாம். நீயே எடு” என்றார்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறு கையை நீட்டினார். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எடுத்த ஊசியைப் புதுப் பெட்டிக்குள் நேராகப் போட்டேன். பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருடைய தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

எச்.ஐ.வி. இல்லை. காமாலைக் கிருமிகளும் இல்லை.

“இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாலு வருட அழுகை அது. அது நின்றதும், மீன் கெட்டுப்போகும் என்று அவசரமாகக் கிளம்பிப் போனார்.

மறுநாள் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, பால் கொடுக்கலாம் என்றார். இருந்தும் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு நாள் பிடித்தது.