பாண்டியின் அப்பா தோற்ற சண்டை

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை எங்கே அடித்தாலும் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பரவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் வற்றிப்போன சிமெண்டுத் தொட்டிக்குள் உட்கார்ந்து, ஒரு முழுப்பரீட்சை லீவு முழுக்க அந்தப் பசையால் உலகத்துக் குத்துச்சண்டை வீரர்களை நீள நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மதுரையில் பேங்கு வேலையிலிருந்த அப்பா பழைய பேப்பர் கடையில் வாங்கிவரும் இங்கிலீஷ் விளையாட்டுப் பத்திரிகைகளிலிருந்து, இருப்பதிலேயே கனத்த ஆட்களை மட்டும் வெட்டி எடுப்பேன். பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே வைத்துக்கொண்டோம். கறுப்புவெள்ளைப் படத்தில் முழங்கால்வரை கால்சட்டை போட்டவர் 'டவுசர் தாத்தா', துள்ளித் துள்ளி ஆடுபவர் 'டான்ஸ் மாஸ்டர்', கழுத்தே இல்லாத புது ஆள் 'கட்டக்கழுத்து'.

ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்த்திராத அவர்களை மோதவிடுவதுதான் விளையாட்டு. ஆளுக்கொரு வீரர் சொந்தம். சண்டை மட்டும் என் வாயில் நடக்கும், ஏனென்றால் நோட்டு என்னுடையது, பசை என்னுடையது. ரவுண்டு ரவுண்டாக வர்ணித்து, விழுந்தவர் முகத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் அழுத்திக் கோடு போடுவேன். அதற்குப்பிறகு யார் கெஞ்சினாலும் "அவுட்டுன்னா அவுட்டுத்தேன்" என்பது என் சட்டம்.

பாண்டி கடைசியாக வந்து சேர்ந்தான். அவன் அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அவனுக்குக் கொடுக்கப் படம் மிச்சமில்லை என்று சொன்னேன். உண்மையில் இரண்டு இருந்தன. மறுநாள் அவன் சட்டைக்குள் ஒளித்து ஒரு போட்டோ கொண்டுவந்தான். சித்திரைத் திருவிழாவில் ஸ்டுடியோவில் எடுத்தது. தலையில் உருமா கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அவன் அப்பா.

"எங்கப்பா வெங்காய மூட்டைய ரெண்டு ரெண்டாத் தூக்குவாரு. ஒட்டு மாப்ள" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் ஒட்டினேன். ஆனால் பயல்கள் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் டான்ஸ் மாஸ்டரும் கட்டக்கழுத்தும் அடுத்தடுத்துச் சரிந்தார்கள். என் நோட்டில் என் பேச்சு எடுபடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் என் டவுசர் தாத்தாவோடு மோதவிட்டேன்.

முதல் ரவுண்டில் பாண்டி அப்பாவின் பல்லைத் தட்டினேன். இரண்டாவதில் வாந்தி எடுக்கவைத்தேன். மூன்றாவதில், உருமாத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, விட்ருங்க" என்று டவுசர் தாத்தாவைப் பார்த்து அவரைக் கும்பிடவைத்தேன். அது நானாகக் கற்பனை செய்ததில்லை. கடன் மனு எழுதிக்கொள்ள எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் என் அப்பா முன்னால் அப்படித்தான் நின்றார். பாண்டியும் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தான்.

பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்கப்பா கும்பிட மாட்டாருடா" என்று பாண்டி கத்தினான். போட்டோவைத் திருப்பிக் கேட்டு அழுதான். நான் ஸ்கேலை எடுத்து, அவன் பார்க்கும்படியே, படத்தில் அவன் அப்பா மூக்கின் குறுக்கே மெதுவாகக் கோடு இழுத்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆடி மாதம் மஞ்சள்காமாலை கண்டு அவன் அப்பா செத்துப்போனார். காரியத்துக்குப் படம் வேண்டுமென்று பெட்டியைத் தேடி, பாண்டியை உலுக்கிக் கேட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கிழிச்சிறாம எடுத்துக் குடுங்கம்மா. அவுக மொகம் அது ஒண்ணுதேன் இருக்கு" என்றார்.

என் அம்மா பக்கத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் படத்தை உரித்தாள். கோட்டைப் பார்த்ததும் அவன் அம்மா முந்தானையால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. யார் போட்டது என்று என் அம்மா கேட்டபோது, நான் "பாண்டி" என்றேன். அந்த இடத்திலேயே அவன் அம்மா அவனை முதுகிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தார். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

அந்தத் தொட்டியை இடித்துவிட்டார்கள், நோட்டு எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது, அந்த ஸ்டுடியோவும் இல்லை. இன்றைய பிள்ளைகள் செல்போனில் வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை மோதவிடுகிறார்கள். விழுந்தவர் திரையை ஒரு தட்டு தட்டினால் எழுந்துவிடுகிறார்.

போன மாதம் பாண்டி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். மார்க்கெட்டில் இப்போது அவனுக்கே சொந்தக் கடை இருக்கிறது. கூடத்தில் மாலை போட்டுப் பெரிதாக அந்தப் படம். ஸ்டுடியோக்காரர் சிவப்பை மறைத்திருந்தார். பேனா அழுத்திய பள்ளத்தை மறைக்க முடியவில்லை. பாண்டியின் சின்ன மகள் அதைக் காட்டி, "தாத்தா மூக்குல என்னப்பா தழும்பு?" என்றாள்.

"பெரிய பாக்ஸரோட சண்ட போட்டாருத்தா. மாமா கூட இருந்து பாத்தாரு, கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "யாரு மாமா ஜெயிச்சா?"

"உங்க தாத்தாதான்" என்றேன்.

பாண்டி காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "பிள்ளைகிட்டப் பொய் சொல்லாத மாப்ள. அவுட்டுன்னா அவுட்டுத்தேன்."