பொதுச்சுவரில் ஓர் அலமாரி

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவரைப் பிள்ளைகள் ‘பிரேக் மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாலையில் காகிதம் பறந்தால்கூட அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாய்க்குட்டியைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்ட மனிதர் செய்த காரியம் இது.

அவர் வீடும் பக்கத்து வீடும் தோளோடு தோள் ஒட்டியவை. நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிய மருந்துக்கடைக்காரர் மாடி எடுக்க நினைத்தார். மாடியைத் தாங்கும் இரும்பு உத்திரத்தின் ஒரு முனை அந்தச் சுவரில்தான் உட்கார வேண்டும். ஒருநாள் காலையில், பொதுச்சுவரில் வேலை செய்யப் போவதாக ஒரு நோட்டீஸோடு வந்து நின்றார்.

“அண்ணே, முறைப்படி செஞ்சிடலாம்னு பாக்கறேன். என் பக்கத்துக்கு நான் ஒரு சர்வேயரைப் போட்டுட்டேன். உங்க பக்கத்துக்கு நீங்க ஒருத்தரைப் போடுங்க. பத்து நாளுக்குள்ள சொல்லணும்.”

“சர்வேயர் வந்து என்ன பண்ணுவாரு?”

“வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சுவரைப் பாத்து எழுதி வெச்சுக்குவாங்க. எங்கெங்க விரிசல், எவ்வளவு கனம், எல்லாம்.”

கனம் என்றதும் பிரேக் மாமாவின் கண் சமையலறைப் பக்கம் போனது.

முப்பது வருடத்துக்கு முன், கல்யாணமான புதிதில், சமையலறையில் சாமான் வைக்க இடமில்லை என்று மனைவி ஒருதரம் சொன்னாள். அப்போது பக்கத்தில் குடியிருந்தவர்கள் ஊரில் இல்லாத வாரம் பார்த்து, உளியும் சுத்தியலுமாக அந்தச் சுவரைக் குடைந்து அலமாரி செய்துவிட்டார். ஒன்பது அங்குலச் சுவரில் பாதிக்கு மேல் போய்விட்டது. பலகை அடித்து, கதவு போட்டு, பெயின்ட் பூசினார். மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருவருமே வெளியே மூச்சு விடவில்லை.

நோட்டீஸை நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார்.

“ஒருத்தரைப் போட்டுத் தொலைச்சா என்னங்க? இருக்கறதை இருக்கறபடி சொல்லிடலாமே,” என்றாள் மனைவி.

“சொல்லி? இந்த வயசுல திருட்டுப்பட்டம் கட்டிக்கவா? பேசாம இருந்தா அவனே விட்டுடுவான்.”

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் எதிர்ப்பக்கத்துக்கும் அவரே ஒரு சர்வேயரைப் போடலாம் என்பது விதி. அப்படிப் போடப்பட்ட சர்வேயரம்மா மூன்று முறை வந்து கதவைத் தட்டினார்.

“ஐயா, நான் உங்களுக்காகத்தான் வந்திருக்கேன். உங்க பக்கம் பேசத்தான் என்னைப் போட்டிருக்காங்க. அஞ்சே நிமிஷம்.”

மனைவி தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே இன்னொரு முறை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

மருந்துக்கடைக்காரரின் பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியபோது தெரு முழுக்கக் கூட்டம். உத்திரத்தைத் தூக்கி வைத்த கால்மணி நேரத்தில், அலமாரி இருந்த இடத்தில் சுவர் நொறுங்கி உத்திரம் சரிந்துவிட்டது. கீழே நின்ற கொத்தனாரின் கால் அதில் மாட்டிக்கொண்டது. சமையலறையில் நின்றால் பக்கத்து வீட்டு வாசல்வரை தெரிந்தது. செங்கல் குவியலில் டம்ளர்களும் டப்பாக்களும் நசுங்கிக் கிடந்தன.

மாலையில் அந்தச் சர்வேயரம்மா வந்து, உடைந்த பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“இது எப்ப வெட்டினது?”

“நாங்க வாங்கும்போதே இருந்துச்சு,” என்றார் பிரேக் மாமா.

குனிந்து டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “முப்பது வருஷமாச்சும்மா. இவர்தான் வெட்டினாரு. எனக்காகத்தான் வெட்டினாரு.”

கொத்தனாருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பிரேக் மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். “பக்கத்து வீட்டு அண்ணனா? நீங்களாவது வந்து எட்டிப் பாத்தீங்களே,” என்று கொத்தனாரின் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்.

கொத்தனார் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

“தட்டிப் பாத்தப்பவே சத்தம் வேற மாதிரி இருந்துச்சுண்ணே. அந்தப் பக்கம் ஏதோ குடைஞ்சிருக்கு, கேட்டுட்டு ஏத்துவோம்னு நான்தான் சொன்னேன். ‘அந்த வீட்டுல எத்தனை தடவை தட்டினாலும் திறக்க மாட்டாங்க, நீ ஏத்து’ன்னாரு மருந்துக்கடைக்காரரு.”

“தம்பி…”

“இனிமே வராதீங்க.”

சுவரைத் திரும்பக் கட்ட சர்வேயரம்மா நீட்டிய தாள்களில், ஒரு வரிகூடப் படிக்காமல் பிரேக் மாமா கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வேன் சாவியைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத் தைரியம் இல்லை என்றார். பாவம் பார்த்து, பள்ளிக்கூட கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர் போகிறவர் பெயரை எழுதிக்கொள்கிறார். மருந்துக்கடைக்காரர் மாடியை அரைகுறையாக விட்டு, வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் அதே சுவரின் மேல் தண்ணீர்த் தொட்டி வைக்கப் போவதாகப் பேச்சு.