அப்பா அரிவாளைக் கீழே வைத்த நாள்

இன்று காலை ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் யாரோ விறகு பிளந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் பிறந்து வளர்ந்த மத்தூரும், ஒன்பது வயதில் நான் பார்த்த ரத்தமும் நினைவுக்கு வந்தன.

அப்பா முரடர். தண்ணீர்த் தகராறில் ஒருவன் கையையே முறித்தவர். அவர் கிறிஸ்தவராகி, தினமும் வேதபுத்தகம் வாசிக்க ஆரம்பித்தது பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் கோடாலிக் காம்போடு வந்தார்.

"குலசாமிய விட்டுட்டு வேற சாமி கேக்குதாடா உனக்கு?" என்று அப்பாவின் காதோடு சேர்த்து அடித்தார். ரத்தம் சட்டையை நனைத்தது. அம்மா அரிவாளை எடுத்து அப்பா கையில் திணித்தாள்.

"வெட்டு மாமா!"

அப்பா ஓங்கினார். ஆனால் வெட்டவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார்.

"ஏசுவே, எங்கண்ணன எங்கிட்டருந்து காப்பாத்து" என்று சத்தமாக ஜெபித்தார்.

பெரியப்பா முதுகில் இன்னும் நான்கு அடி போட்டார். அப்பா எழவில்லை. கடைசியில் பெரியப்பாவே கை ஓய்ந்து, காம்பை வீசிவிட்டுப் போனார்.

"உனக்குக் கோவமே வரலையா?" என்று அம்மா அழுதாள்.

"வந்துது. அதான் மண்டி போட்டேன். இப்ப மனசு அமைதியா இருக்குது."

அந்தக் காது அவருக்குக் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அதுவரை வாரம் தவறாமல் அம்மாவை அடித்தவர், அதன்பின் அவள்மேல் கை வைத்ததே இல்லை.